குளிர்கால நாளைச் சிரிப்போடு கழிக்க: வேடிக்கை தினங்களைக் கொண்டாட முழுமையான வழிகாட்டி

குளிர்காலத்தில் ஒரு கட்டம் வரும். பெரிய பண்டிகைகள் முடிந்திருக்கும். பகல் சுருங்கிப் போயிருக்கும். போர்வையை விட்டு வெளியே வர மனசே வராது. காலண்டரைப் புரட்டினால் அடுத்த விடுமுறை எங்கேயோ தூரத்தில் தெரியும். அந்த வெறும் நாட்களுக்கென்றே சிலர் உட்கார்ந்து வேடிக்கையான தினங்களை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். பனிமனிதனுக்கு ஒரு நாள், அணிலுக்கு ஒரு நாள், ஒன்றுமே செய்யாமல் இருக்க ஒரு நாள், வானத்தைப் பார்த்துக் கூச்சல் போட ஒரு நாள்.

இவற்றுக்கு லீவு கிடையாது, சடங்கு கிடையாது, யாரும் கட்டாயப்படுத்துவதும் இல்லை. சில வருடங்களாக எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் இப்படி மூன்று நான்கு நாட்களையாவது கொண்டாடுகிறோம். ஆரம்பத்தில் "இன்றைக்கு என்ன நாள் தெரியுமா?" என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டோம். கேட்டவர்கள் "அப்படியா" என்றார்கள், அதோடு சரி. பிறகுதான் பிடிபட்டது. தினத்தின் பெயர் யாரையும் சிரிக்க வைக்காது. குறித்த நேரத்தில் எல்லோரும் சேர்ந்து செய்ய ஒரு சின்னக் காரியம் இருந்தால்தான் சிரிப்பு வரும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் காரியத்தைக் கண்டுபிடித்து நடத்துவதற்காகத்தான்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நான் நம்பிப் பரிந்துரைக்கும் நாட்கள் இவை. எல்லாவற்றையும் கொண்டாட வேண்டாம். உங்கள் வீட்டு ஆட்களுக்குப் பொருந்துகிற இரண்டை எடுத்துக்கொண்டால் போதும்.

டிசம்பர் முதல் ஞாயிறு. ஜப்பானில் யமகுச்சி மாகாணத்து ஹோஃபு நகரில் அன்று ஒரு சிரிப்புச் சடங்கு நடக்கிறது. 1199-ல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்து மூன்று முறை உரக்கச் சிரிக்க வேண்டும். முதல் சிரிப்பு இந்த ஆண்டு விளைச்சலுக்கு நன்றி. இரண்டாவது அடுத்த ஆண்டும் நன்றாக விளையட்டும் என்று. மூன்றாவது, இந்த வருடத்துக் கவலையெல்லாம் மறக்க. சிரிப்பு போதவில்லை என்று பெரியவர்களுக்குத் தோன்றினால் மறுபடி சிரிக்கச் சொல்வார்கள். ஒசாகா பக்கத்து ஹிராவோகா ஆலயத்திலும் டிசம்பர் கடைசியில் மக்கள் கூடி இருபது நிமிடம் விடாமல் சிரிக்கிறார்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் எடுக்கலாம் என்றால் நான் இந்த மூன்று சிரிப்பைத்தான் எடுப்பேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

டிசம்பர் 17. பழைய ரோமில் சாட்டர்னேலியா தொடங்கிய நாள். அந்த நாட்களில் எஜமானர்கள் அடிமைகளுக்குப் பரிமாறுவார்கள். வீட்டுக்குள் சீட்டுப் போட்டு ஒருவரை ராஜாவாக்குவார்கள். அவர் என்ன கிறுக்குத்தனமான ஆணை போட்டாலும் மற்றவர்கள் செய்தாக வேண்டும். இதே குணம் ஸ்பெயினில் இபி என்ற ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. டிசம்பர் 28 அன்று ஒரு கோஷ்டி ராணுவ உடையைப் போட்டுக்கொண்டு ஊரின் ஆட்சியைப் 'பிடிக்கிறது'. வேடிக்கையான சட்டங்கள் போடுகிறது, மீறியவர்களிடம் அபராதம் வாங்கி நல்ல காரியத்துக்குக் கொடுக்கிறது. எதிர்க்கிறவர்களோடு மாவாலும் முட்டையாலும் சண்டை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த 'ஒரு நாள் ராஜா' ஏற்பாட்டை விடவே கூடாது.

டிசம்பர் 23. ஃபெஸ்டிவஸ். அமெரிக்காவில் டேனியல் ஓகீஃப் என்பவர் 1966-ல் தன் குடும்பத்துக்காகத் தொடங்கியது. மகன் தொலைக்காட்சி எழுத்தாளர் ஆனதும் அது 1997-ல் சைன்ஃபெல்ட் தொடரில் வந்து ஊரறிந்துவிட்டது. தொடரில் வருகிறபடி, அலங்காரமே இல்லாத ஓர் அலுமினியக் கம்பத்தை நட்டு, அந்த வருடத்துக் குறைகளை வரிசையாகச் சொல்ல வேண்டும். இதில் நான் ஒரு திருத்தம் செய்வேன்: ஆட்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது, பொருட்களைப் பற்றி மட்டும் சொல்லலாம். ஒற்றையாகப் போன காலுறை, பாதியில் சாகும் சார்ஜர், எப்போதும் ஒரு பக்கம் குட்டையாகவே இருக்கும் போர்வை. ஆட்களை உள்ளே இழுத்தால் பத்தாவது நிமிடத்தில் நிஜச் சண்டை வந்துவிடும்.

ஜனவரி 16. ஒன்றுமில்லா தினம். பத்திரிகைப் பத்தி எழுத்தாளர் ஹரோல்ட் புல்மன் காஃபின் 1972-ல் யோசனை சொல்லி, 1973 முதல் காலண்டரில் இருக்கிறது. எதையும் கொண்டாடாமல், யாரையும் கௌரவிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்க ஒரு நாள் வேண்டும் என்பது அவர் வாதம். களைத்துப் போயிருக்கிறீர்களா? இதை எடுங்கள்.

ஜனவரி 18. உலகப் பனிமனிதர் தினம். ஜெர்மனியில் பனிமனிதப் பொம்மைகள் சேகரிக்கும் கொர்னேலியஸ் கிரேட்ஸ் தொடங்கியது. ஏன் 18? எட்டு என்ற எண் பனிமனிதன் உருவம். பக்கத்தில் இருக்கும் ஒன்று அவன் கையிலுள்ள குச்சி. பனியே விழாத ஊரிலும் தாளில் 18 என்று எழுதி, எட்டுக்குக் கண்ணும் மூக்கும் வைத்துவிடலாம்.

ஜனவரி 20. பெங்குவின் விழிப்புணர்வு தினம். இதில் ஒரு பயனும் உண்டு. உறைந்த தரையில் வழுக்காமல் நடக்க, பெங்குவின் மாதிரி நடக்கத்தான் சொல்கிறார்கள்: பாதத்தைத் தட்டையாக வைத்து, சின்னச் சின்ன அடியாக, உடம்பின் பாரம் முன்காலில் இருக்கும்படி. வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு இப்படி நடைப் போட்டி வைக்கலாம். ஓடினால் அவுட்.

ஜனவரி 21. ஒரே நாளில் இரண்டு. 1986-ல் கெவின் ஸபோர்னி மிச்சிகனில் தொடங்கிய அரவணைப்பு தினம். 2001-ல் வடக்கு கரோலினாவில் வனவிலங்குகளைப் பராமரிக்கும் கிறிஸ்டி ஹார்க்ரோவ் தொடங்கிய அணில் பாராட்டு தினம். அணிலைக் கட்டிப்பிடிக்க வேண்டாம். ஆட்களையும் கேட்டுவிட்டுத்தான் கட்டிப்பிடிக்க வேண்டும்.

ஜனவரி 25. எதிர்மறை தினம். சொல்வதெல்லாம் தலைகீழ். "இன்றைக்கு எதிர்மறை தினம்" என்று ஒருவர் சொன்னாலே சிக்கல் ஆரம்பித்துவிடும். இன்று அந்தத் தினம்தான் என்றால் அவர் சொன்னதற்குப் பொருள் "இல்லை". இன்று அந்தத் தினம் இல்லை என்றால் சொன்னது பொய். பத்து வயதுப் பிள்ளைகள் இதை வைத்து ஒரு மணி நேரம் வாதாடுவார்கள்.

ஜனவரி கடைசித் திங்கள். பபிள் ராப் பாராட்டு தினம். இந்தக் குமிழ்த் தாளின் கதையே வேடிக்கை. 1957-ல் ஆல்ஃபிரெட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் நியூ ஜெர்சியில் இரண்டு குளியலறைத் திரைகளை ஒன்றாக ஒட்டினார்கள். நடுவில் காற்றுக் குமிழ்கள் சிக்கின. அதைச் சுவரில் ஒட்டும் தாளாக விற்கப் பார்த்தார்கள், எடுபடவில்லை. பசுமைக்குடிலுக்குக் குளிர்க்காப்பாக விற்கப் பார்த்தார்கள், அதுவும் ஓடவில்லை. கடைசியில் ஐபிஎம் நிறுவனத்தின் 1401 கம்ப்யூட்டரை உடையாமல் அனுப்பப் பயன்பட்டபோதுதான் அதற்கு வாழ்வு வந்தது.

பிப்ரவரி 2. கிரவுண்ட்ஹாக் தினம். அணில் குடும்பத்தைச் சேர்ந்த, வளை தோண்டி வாழும் கொழுகொழு பிராணி அது. பென்சில்வேனியாவின் பங்க்ஸடானி ஊரில் 1887 முதல் விடியற்காலையில் அதை எழுப்பி வானிலை கேட்கிறார்கள். தன் நிழலைக் கண்டால் இன்னும் ஆறு வாரம் குளிர். காணாவிட்டால் வசந்தம் சீக்கிரம். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். தங்கள் சொந்த நாட்டில் இதே வேலையை வேறொரு வளைப்பிராணியிடம் கொடுத்திருந்தார்கள். பங்க்ஸடானியில் உயரத் தொப்பி போட்ட பெரியவர்கள் பிராணியிடம் அதன் 'மொழியில்' பேசி, முடிவை ஊருக்கு அறிவிக்கிறார்கள். பிராணியின் பெயர் ஃபில். 1887 முதல் இருப்பது ஒரே ஃபில்தான், ரகசியப் பானம் குடித்து வாழ்கிறது என்றும் சொல்கிறார்கள். கணக்குப் பார்த்தவர்கள் சொல்வது, அதன் கணிப்பு பாதிக்கும் குறைவாகவே பலித்திருக்கிறது. ஊரில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

பிப்ரவரி 20. ஹூடி-ஹூ தினம். வட அரைக்கோளத்தில் இருப்பவர்கள் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டி, "ஹூடி-ஹூ!" என்று கத்த வேண்டும். குளிரை விரட்டி வசந்தத்தைக் கூப்பிடுவதற்காக. பென்சில்வேனியாவைச் சேர்ந்த தாமஸ் ராய், ரூத் ராய் தம்பதி உண்டாக்கியது.

தென் அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்குக் குளிர்காலம் ஜூன், ஜூலையில். அவர்கள் ஜூன் 21-ஐ எடுத்துக்கொள்ளலாம். அண்டார்டிகாவில் பல மாத இருட்டில் வேலை செய்யும் ஆராய்ச்சி நிலையங்களில் நடுக்குளிர்கால தினம்தான் ஆண்டின் பெரிய கொண்டாட்டம். தென் துருவ நிலையத்தில் இன்னொரு விளையாட்டும் உண்டு. வெளியே மைனஸ் 73 டிகிரி செல்சியஸ் ஆகும் நாளில், 93 டிகிரி நீராவி அறையிலிருந்து காலணி மட்டும் போட்டுக்கொண்டு வெளியே ஓடிவிட்டுத் திரும்புவது. படித்து ரசிக்க மட்டும்.

படி 2: அந்த நாளின் பிறப்பைச் சரிபாருங்கள்

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேடிக்கை தினங்களில் பல, யார், எப்போது தொடங்கினார்கள் என்ற விவரமே இல்லாமல் கைக்குக் கை மாறி வருகின்றன. கதை இல்லாத நாளை எடுத்தால் கூடியிருப்பவர்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால் மூன்று கேள்வி கேளுங்கள்: தொடங்கியவர் யார்? எந்த ஆண்டு? எதற்காக? மூன்றில் இரண்டுக்காவது பதில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். வில்லியம் சேஸ், ஹாரிசன் சேஸ் என்ற சகோதரர்கள் 1957-ல் தொடங்கிய சேஸ் நாட்காட்டி இதற்கு நல்ல துணை. எந்த நாளில் என்ன தினம் என்று ஆண்டுவாரியாகத் தொகுத்த புத்தகம் அது. இந்தத் தினங்களில் பலவும் அதில் இடம் பிடித்த பிறகுதான் பரவின.

சில நாட்களின் பின்னால் வியாபாரம் இருக்கும். ஜனவரி மூன்றாவது திங்களை 'ஆண்டிலேயே சோகமான நாள்' என்பார்கள். அது 2005-ல் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரத்துக்காக வந்த சூத்திரம், அறிவியல் எதுவும் கிடையாது. அந்த நாளைச் சிரிப்பு நாளாக மாற்றிக்கொள்ள விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் சோகம் நிரூபணமானது என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே மனம் தளர்ந்திருப்பவருக்கு அந்த வார்த்தை பாரமாகிவிடும்.

வேடிக்கையாகச் சொன்ன பொய் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் குளிர்காலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1917 டிசம்பர் 28 அன்று எச். எல். மென்கென் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒரு நியூயார்க் செய்தித்தாளில் குளியல் தொட்டியின் வரலாறு என்று ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் முதல் தொட்டி 1842-ல் சின்சினாட்டியில் வந்தது, ஜனாதிபதி ஃபில்மோர்தான் அதை வெள்ளை மாளிகையில் வைத்தார் என்றெல்லாம். அத்தனையும் கற்பனை. போர்க்காலத்தில் மக்களைக் கொஞ்சம் லேசாக்கத்தான் எழுதினார். 1926-ல் அவரே முன்வந்து உண்மையைச் சொன்ன பிறகும் அந்தக் கதை மேற்கோளாக ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டில் புளுகுப் போட்டி வைக்கலாம், அருமையான விளையாட்டு. முடிந்ததும் எது புளுகு என்று சொல்லிவிட்டுக் கலையுங்கள். குழந்தைகள் அதைப் பள்ளிக்கூடத்தில் போய் எழுதிவிடுவார்கள்.

படி 3: ஒரு செயல், ஒரு நேரம்

மேலே சொன்ன நாட்களில் நிலைத்து நின்றவற்றைப் பாருங்கள். பங்க்ஸடானியில் விடியற்காலை, பிராணியைத் தூக்கிக் காட்டுவது. ஹூடி-ஹூவுக்கு நண்பகல், கையை ஆட்டிக் கத்துவது. ஹோஃபுவில் மூன்று சிரிப்பு. ஒவ்வொன்றிலும் உடம்பால் செய்ய ஒரே ஒரு செயல். அதைக் குழந்தையும் செய்யலாம், தாத்தாவும் செய்யலாம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நீங்களும் அப்படியே திட்டமிடுங்கள். ஐந்து விளையாட்டு, மூன்று போட்டி, அலங்காரம் என்று அடுக்கினால் ஏற்பாடு செய்பவர் களைத்துப்போவார், மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

பபிள் ராப் தினத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கொரு துண்டு கொடுத்து உடைக்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், எதுவும் மனசில் தங்காது. நாங்கள் செய்வது இது. வரிசைக்கு ஐந்தாக இருபத்தைந்து குமிழ் இருக்கும்படி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்வோம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமே வராமல் ஒரு குமிழை உடைக்க வேண்டும். மெல்ல நகத்தால் கீறி, விரல் நுனியால் காற்றை ஒரு ஓரமாகத் தள்ளி... அறையில் மூச்சுச் சத்தம் கூடக் கேட்காது. அப்போது 'பட்' என்று ஒன்று வெடிக்கும். அந்த 'பட்'டுக்குச் சிரிக்காத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. துண்டு அடுத்தவர் கைக்குப் போகும். சிரிப்பை உண்டாக்குவது வெடிப்பு மட்டும் என்று நினைக்காதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் அமைதிதான் பாதி வேலையைச் செய்கிறது. எந்த நாளை எடுத்தாலும் உங்கள் செயலில் இப்படி ஒரு அமைதி, அப்புறம் ஒரு வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: ஆட்களைச் சேருங்கள்

அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ராபர்ட் ப்ரொவைன் பொது இடங்களில் மக்கள் சிரித்த 1,200 தருணங்களைக் கவனித்துப் பதிவு செய்தார். ஜோக் மாதிரி எதையாவது கேட்டுச் சிரித்தது அவற்றில் 20 சதவீதத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் "சரி, அப்புறம் பார்க்கலாம்" மாதிரியான சாதாரணப் பேச்சுக்கு வந்த சிரிப்பு. தனியாக இருக்கும்போதைவிடக் கூட இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்பதும் அவர் கண்டது. ஆக, பிரமாதமான ஜோக்கைத் தேடி அலைவதைவிடக் கூட ஒரு ஆளைக் கூப்பிடுவது பலன் தரும்.

நான்கிலிருந்து எட்டுப் பேர் நல்ல எண்ணிக்கை. வர முடியாதவர்களை வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எல்லோரும் மைக்கைத் திறந்து வைத்திருக்க வேண்டும். மற்றவர் சிரிப்பு காதில் விழாவிட்டால் தொற்றாது.

அழைப்பைச் சுருக்கமாக, முழு மரியாதையோடு எழுதுங்கள். ஒரு மாதிரி:

"பிப்ரவரி 20, நண்பகல் சரியாக 12 மணி. வாசலில் நின்று குளிரை வழியனுப்பி வைக்கிறோம். தாங்கள் குடும்பத்தோடு வந்திருந்து, இரண்டு கைகளையும் தூக்கி ஒருமுறை கத்திவிட்டுப் போகுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். குளிரில் வெளியே வரத் தயங்குபவர்களை அதுதான் வரவழைக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். திடீரென்று கூச்சல் கேட்டால் பதறிப்போவார்கள். சொல்லப் போன இடத்திலேயே இரண்டு பேர் புதிதாகச் சேர்வதும் உண்டு.

படி 5: கடி ஜோக்குகளைத் தயாராக வையுங்கள்

செயல் முடிந்ததும் சிரிப்பு கொஞ்சம் இறங்கும். அந்த இடத்தில் போடத்தான் கடி. தமிழில் குளிர்காலத்துக்கென்றே பிறந்த மாதிரிச் சொற்கள் கிடக்கின்றன. பனி, பணி, போர்வை, கம்பளி, உறை, குளிர். அவற்றைப் பிரித்துப் போட்டாலே போதும். நாங்கள் பயன்படுத்தும் சில:

குளிர்காலத்தில் வீட்டில் தினமும் சண்டை வருவது எதனால்?
போர்வையால். பெயரிலேயே 'போர்' வை என்று இருக்கிறதே!

கை உறையாமல் இருக்க என்ன போட வேண்டும்?
கையுறை.

பனிமனிதன் ஏன் வேலை தேடுவதே இல்லை?
அவன்தான் எப்போதும் 'பனி'யில் இருக்கிறானே!

எந்தப் பூச்சிக்குக் குளிரே தெரியாது?
கம்பளிப்பூச்சிக்கு.

குளிர் வந்தால் மட்டும் குளிக்கச் சொல்லி யார் நச்சரிப்பது?
குளிரேதான். முதல் இரண்டு எழுத்தே 'குளி'.

சொல்லும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கேள்வியைக் கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். யாராவது பதில் சொல்ல முயன்றால் சொல்ல விடுங்கள், தவறான பதிலே பல நேரம் நல்ல ஜோக்காக இருக்கும். பிறகு முகத்தில் சலனமே இல்லாமல் விடையைச் சொல்லுங்கள். "ஐயோ, கடிக்காதே!" என்று தலையில் அடித்துக்கொள்கிறார்களா? அதுதான் கைத்தட்டல். ஐந்துக்கு மேல் வேண்டாம். 'பனி', 'பணி' மாதிரி உச்சரிப்பில் தொக்கி நிற்பவற்றை எழுத்தில் அனுப்பினால் பாதி போய்விடும், வாயால் சொல்லுங்கள்.

உருவம், நிறம், திக்குவாய், யாருடைய சம்பளம், யாருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்ற பக்கம் போகவே போகாதீர்கள். அங்கே கிடைப்பது நால்வரின் சிரிப்பும் ஒருவரின் மௌனமும். அந்த ஒருவர் அடுத்த முறை வர மாட்டார்.

படி 6: அன்றைய நாளை நடத்துவது

மூன்று சிரிப்பு நாளை எங்கள் வீட்டில் நடத்துவதை அப்படியே சொல்கிறேன். சாயங்காலம் ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தே முக்காலுக்கு ஜன்னல்களை மூடி, அறையைக் கதகதப்பாக்கிவிடுவோம். நடுங்கிக்கொண்டு யாராலும் சிரிக்க முடியாது. எதிரெதிரே இரண்டு வரிசையாக உட்கார வேண்டும். ஒருவர் ஹோஃபுவின் கதையைச் சொல்வார், ஒரு நிமிடத்துக்குள். வயதில் மூத்தவர்தான் நடுவர். அவர் கையில் ஒரு தட்டும் கரண்டியும்.

முதல் தட்டு. இந்த வருடம் கிடைத்தவற்றுக்காகச் சிரிக்க வேண்டும். இந்தச் சிரிப்பு எப்போதும் செயற்கையாகத்தான் வரும், கவலைப்படாதீர்கள். இரண்டாவது தட்டு, வரப்போகிற வருடத்துக்கு. இதற்குள் யாராவது ஒருவர் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து நிஜமாகவே சிரித்துவிடுவார். மூன்றாவது, கவலையை விட. நடுவருக்குத் திருப்தி இல்லையென்றால் தட்டைத் தட்டித் திருப்பிச் சிரிக்கச் சொல்லலாம்.

முதல் வருடம் அத்தை ஓரமாக உட்கார்ந்து, "எனக்கெல்லாம் இப்படிச் சும்மா சிரிக்க வராதுப்பா" என்றார். அந்த ஆண்டு அவருக்கு மருத்துவமனையும் வீடுமாக அலைச்சல். நாங்கள் வற்புறுத்தவில்லை, தட்டையும் கரண்டியையும் அவர் கையில் கொடுத்து நடுவராக்கினோம். முதல் இரண்டும் அவருக்குத் திருப்தியில்லை. "இது சிரிப்பா? இருமல் மாதிரி இருக்கு" என்று திருப்பிச் சிரிக்கச் சொன்னார். மூன்றாவது சுற்றில் மாமா மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்ததைப் பார்த்து அவருக்கே பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கரண்டி கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை, அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார். இந்த நாளை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் அதுதான். இதற்குப் பனி வேண்டாம், பொருள் வேண்டாம், மனசு சரியில்லாதவருக்கும் இதில் ஒரு இடம் இருக்கிறது.

மற்ற நாட்களுக்குச் சில குறிப்புகள். ஒரு நாள் ராஜாவின் ஆட்சி ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆணைகளை ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். யாரும் அழுதால் ஆட்சி அந்த நொடியே கலையும் என்பதை முதல் சட்டமாக வையுங்கள். எதிர்மறை தினத்தில் மருந்து, அடுப்பு, சாலை பற்றிய பேச்சுக்கு விதிவிலக்கு உண்டு, அங்கே எல்லோரும் நேராகத்தான் பேச வேண்டும். கிரவுண்ட்ஹாக் இல்லாதவர்கள் ஒரு பொம்மையைப் போர்வைக்குள் உறங்க வைத்து, விடிந்ததும் விளக்கு வெளிச்சத்தில் எடுத்து நிழல் பார்க்கலாம். அதன் காதருகே குனிந்து செய்தியை வாங்கி அறிவிப்பவர் மட்டும் கொஞ்சமும் சிரிக்கக் கூடாது.

வெளியே செய்யும் எதற்கும் பத்து நிமிடம் போதும். ஈரக் காலுறையோடு யாரையும் நிற்க விடாதீர்கள்.

படி 7: உங்களுக்கென்று ஒரு நாளை உண்டாக்குங்கள்

இரண்டு மூன்று நாட்களைக் கொண்டாடிப் பழகியதும் இதற்குத் தயாராகிவிடுவீர்கள். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ராய் தம்பதி இப்படியே எண்பதுக்கு மேல் தினங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். பபிள் ராப் தினமும் 2001-ல் இந்தியானாவின் புளூமிங்டன் நகரில் ஒரு வானொலி நிலையத்துக்கு வந்த பார்சலைப் பிரித்தபோது குமிழ் உடைந்த சத்தம் ஒலிபரப்பாகிவிட்டதில் பிறந்ததுதான்.

முதலில் நிஜமாக நடந்த ஒரு சம்பவத்தைத் தேடுங்கள். வீட்டில் நடந்ததாகவே இருக்கட்டும். எல்லோரும் கையுறையைத் தேடி, கடைசியில் அது தேடியவர் கையிலேயே இருந்த நாள். வரலாற்றிலிருந்தும் எடுக்கலாம். 1885 ஜனவரி 15 அன்று வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்ற பத்தொன்பது வயதுப் பையன் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து, ஒரு பனிப்படிகத்தை முதன்முறையாகப் படம் எடுத்தான். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கு மேல் எடுத்தார். அந்த நாளில் வீட்டில் எல்லோரும் ஆறு மூலைப் படிகம் ஒன்றை வெட்டலாம். தாளை ஆறாக மடித்துக் கத்தரியால் இரண்டு வெட்டு. விரித்துப் பார்க்கும்வரை என்ன வரும் என்று வெட்டியவருக்கே தெரியாது. மேலே சொன்ன அமைதியும் வெடிப்பும் இதிலும் இருக்கின்றன.

அப்புறம் ஒரு தேதி, ஒரு நேரம், ஒரு செயல், ஒரு பெயர். பெயரைக் கடைசியில் வையுங்கள். முதலில் பெயர் வைத்தால் செயல் அதற்கு ஏற்ப வளைந்து சப்பென்று ஆகிவிடும். ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, என்ன செய்தோம், யார் யார் வந்தார்கள், யார் முதலில் சிரித்தார்கள். அடுத்த வருடம் அதே நாளில் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். எங்கள் நோட்டில் மூன்று சிரிப்பு நாளின் பக்கத்தில் நான்காவது வரியில் 'கரண்டி' என்று எழுதி வைத்திருக்கிறோம்.